பிடித்த எழுத்தாளரின் கதைக்குள் ஓடிப்போகும் ரசிகை: 'ஆஸ்டன்லேண்ட்' முதல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' வரை, இந்தக் காதல் கதைகள் சொல்வது என்ன?

நிஜத்தில் பார்க்கும் ஆண்கள் யாரையும் பிடிக்கவில்லை. கதையில் வருகிற ஒருத்தரை மட்டும் ரொம்பப் பிடித்திருக்கிறது. அவரைப் போல ஒருவர் வந்தால்தான் கல்யாணம். ஒருவேளை வரவே இல்லை என்றால்? நாமே கிளம்பி அந்தக் கதைக்குள் போய்விட்டால் என்ன?

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இந்த ஒரு வரிக் கதையை வைத்து ஹாலிவுட்டில் படம் வந்திருக்கிறது, பிரிட்டனில் டிவி தொடர் வந்திருக்கிறது, பிரான்ஸிலும் படம் எடுத்திருக்கிறார்கள். தமிழில் இதற்கு மிக அருகில் வரும் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை இந்தக் கோணத்தில் பார்த்தவர்கள்தான் குறைவு.

அந்தப் படங்கள் என்ன, அவை ரசிகையைக் கிண்டல் செய்கின்றனவா, மயிலாப்பூருக்கு இதில் என்ன வேலை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். (படங்களின் முடிவும் இதில் பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் கவனிக்கவும்.)

'ஆஸ்டன்லேண்ட்' கதை என்ன?

ஷானன் ஹேல் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2007-ல் எழுதிய நாவல் 'ஆஸ்டன்லேண்ட்'. ஜெருஷா ஹெஸ் இயக்கத்தில் 2013-ல் படமாக வந்தது. 'ட்வைலைட்' கதைகளை எழுதிய ஸ்டெஃபனி மேயர் இதன் தயாரிப்பாளர்களில் ஒருவர்.

கதாநாயகி ஜேன் ஹேய்ஸ் 30-களில் இருப்பவர். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டன் என்றால் உயிர். 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் நாயகன் மிஸ்டர் டார்ஸிக்கு ஆளுயரக் கட்-அவுட் வைத்திருக்கும் அளவுக்குப் பைத்தியம். நிஜக் காதல்கள் எதுவும் தேறவில்லை.

ஒருநாள் சேமிப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கிளம்புகிறார். அங்கே ஆஸ்டன் காலத்து மாளிகையைப் போலவே ஒரு ரிசார்ட். விருந்தினர்கள் அந்தக் காலத்து உடையில்தான் இருக்க வேண்டும். செல்போன் கூடாது. கடைசியில் ஒரு நடன விருந்து. அதற்குள் ஒரு ஜென்டில்மேனோடு காதல் மலரும், அதுவும் பேக்கேஜில் சேர்த்தி. ஆனால் அந்த ஜென்டில்மேன்கள் எல்லோரும் சம்பளத்துக்கு நடிப்பவர்கள்.

இங்கேதான் காமெடி ஆரம்பிக்கிறது. ஜேனிடம் இருக்கும் பணத்துக்கு மலிவான பேக்கேஜ்தான் கிடைக்கிறது. அதனால் கதையில் அவருக்குக் கொடுக்கப்படும் வேடம் சொத்தில்லாத அநாதைப் பெண். தங்குவதற்கு வேலைக்காரர்கள் பகுதியில் ஒரு அறை. கனவு உலகத்திலும் காசுள்ளவருக்கு ஒரு மரியாதை, இல்லாதவருக்கு ஒரு மரியாதை.

சிரிக்கத்தான் வைக்கிறது. ஆனால் ஆஸ்டனை உண்மையில் படித்தவர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். அவருடைய நாவல்களில் பாதி பிரச்சினையே பணம்தான்: சொத்து யாருக்குப் போகிறது, மகள்களுக்கு என்ன மிஞ்சுகிறது, வரன் எவ்வளவு வருமானம் உள்ளவர். ஜேன் தேடி வந்தது ஆஸ்டனின் காதலை. முதலில் கிடைத்தது ஆஸ்டனின் கணக்கு வழக்கு.

யார் நடிக்கிறார், யார் நிஜம்?

ரிசார்ட்டில் இரண்டு ஆண்கள். ஒருவர் மார்ட்டின், குதிரை லாயத்தில் வேலை செய்பவர். 'இவர் நாடகத்தில் இல்லை, சாதாரண மனிதர்' என்று ஜேன் நம்புகிறார். இன்னொருவர் மிஸ்டர் நோப்ளி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு டார்ஸி போலவே பேசுபவர். 'இது அப்பட்டமான நடிப்பு' என்று ஒதுக்குகிறார்.

கடைசியில் எல்லாம் தலைகீழாகிறது. சாதாரண மனிதர் என்று நினைத்த மார்ட்டின்தான் ஜேனுக்காக நியமிக்கப்பட்ட நடிகர். நோப்ளியோ தொழில்முறை நடிகரே இல்லை, வரலாற்றுப் பேராசிரியர். அவர் காட்டிய அன்பு மட்டும்தான் அங்கே நிஜம்.

படத்தின் விஷயமே இதுதான். கதைக்குள் போனதால் ஜேன் ஏமாறவில்லை. யார் தன்னைக் கவனிக்கிறார், யார் தனக்குப் பிடித்த வசனத்தைச் சொல்கிறார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் ஏமாறுகிறார்.

இது புது ஐடியாவா?

இல்லை. 400 வருடங்களுக்கும் மேல் பழையது.

- 1605: ஸ்பெயினில் செர்வான்டிஸ் எழுதிய 'டான் குயிக்ஸாட்'. வீரக் கதைகளைப் படித்துப் படித்துத் தன்னையே வீரனாக நினைத்துக்கொண்டு கிளம்பும் மனிதரின் கதை.

- 1817-ன் கடைசியில்: ஜேன் ஆஸ்டன் இறந்த பிறகு வெளியான 'நார்த்தாங்கர் ஆபி'. இதில் கேத்தரீன் என்ற இளம்பெண் பேய் பங்களா நாவல்களின் ரசிகை. விருந்துக்குப் போன வீட்டில் ரகசியச் சுவடி கிடைத்துவிட்டது என்று நடுங்கிப்போகிறாள். விடிந்து பார்த்தால் அது சலவைக் கணக்குச் சீட்டு.

- 2008: 'லாஸ்ட் இன் ஆஸ்டன்' என்ற பிரிட்டன் டிவி தொடர். இன்றைய லண்டன் பெண் தன் வீட்டுக் குளியலறைக் கதவு வழியாக நாவலுக்குள்ளேயே போய்விடுகிறாள்.

- 2024: லாரா பியானி இயக்கிய 'ஜேன் ஆஸ்டன் ரெக்ட் மை லைஃப்' என்ற பிரெஞ்சுப் படம். பாரிஸ் புத்தகக் கடையில் வேலை பார்க்கும் பெண், ஆஸ்டன் பெயரிலான எழுத்தாளர் முகாமுக்குப் போகிறாள். அங்கே அவள் சந்திக்கும் ஆஸ்டன் வம்சத்து இளைஞனுக்கோ ஆஸ்டன் எழுத்தின் மேல் பெரிய மதிப்பில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரசிகைகள் இன்று யாருடைய உலகத்துக்குள் ஓட ஆசைப்படுகிறார்களோ, அந்த ஆஸ்டனே இப்படி ஓடும் ரசிகையைப் பற்றி 200 வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். அதே நாவலில், நாவல் படிக்கும் பெண்களை இளக்காரமாகப் பேசுபவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'கதைப் புத்தகம் படிச்சுதான் பொண்ணு கெட்டுப்போச்சு' என்ற பேச்சு நம்ம ஊரில் மட்டும் பிறந்தது இல்லை.

சரி, தமிழில் இப்படி ஒரு படம் இருக்கிறதா?

இருக்கிறது. 2000-ம் ஆண்டு மே மாதம் வெளியான 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'. இயக்கம் ராஜீவ் மேனன், தயாரிப்பு கலைப்புலி தாணு, இசை ஏ.ஆர்.ரஹ்மான், வசனம் சுஜாதா.

ஆஸ்டன் 1811-ல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலின் தமிழ் வடிவம் இது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த மாற்றத்தில் செய்யப்பட்ட ஒரு வேலை அதிகம் பேசப்படுவதில்லை.

நாவலில் இளைய சகோதரி மேரியன், கவிஞர் கூப்பரின் ரசிகை. அக்காவுக்குப் பிடித்தவர் கூப்பர் கவிதையை உணர்ச்சியே இல்லாமல் படிக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய குறை. தன் ரசனை அத்தனையும் பொருந்துகிற ஒருவன் வந்ததும் விழுந்துவிடுகிறாள்.

கூப்பரை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் யாருக்குப் புரியும்? அந்த இடத்தில் பாரதியாரை வைத்தார்கள். ஐஸ்வர்யா ராய் நடித்த மீனாட்சி, பாரதியைக் கரைத்துக் குடித்தவள். அவள் உலகம் முழுக்க பாரதி, பாட்டு, மழை. காதலன் என்றால் அவனுக்கும் பாரதி தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்ரீகாந்த் (அப்பாஸ்) வருகிறான். பாரதியின் வரிகளைச் சொல்கிறான். போதாதா? பாரதியின் கண்ணம்மா பாடல் ஒன்றுக்கு ரஹ்மான் இசையமைக்க, ஹரிஹரன் குரலில் அது படத்தில் ஒலிக்கிறது. பார்ப்பவர்களுக்கும் மீனாட்சியைப் போலவே மயக்கம்தான்.

பக்கத்திலேயே இன்னொருவர் இருக்கிறார். போரில் காலை இழந்த முன்னாள் ராணுவ அதிகாரி பாலா (மம்மூட்டி). பூ விவசாயம் செய்கிறார். வயதும் அதிகம். மீனாட்சியின் பட்டியலில் அவர் பெயரே கிடையாது.

ஸ்ரீகாந்த் செய்த தப்பு என்ன?

அவனுடைய நிதி நிறுவனம் நொடித்துப்போகிறது. பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். ஒரு மந்திரி காப்பாற்ற முன்வருகிறார், ஆனால் தன் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை. ஸ்ரீகாந்த் ஒத்துக்கொள்கிறான்.

1990-களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூழ்கி, நடுத்தரக் குடும்பங்கள் சேமிப்பை இழந்த நினைவு அன்றைய ரசிகர்களுக்கு இன்னும் ஆறாமல் இருந்தது. ஆஸ்டன் நாவலில் காதலனைக் கைமாறச் செய்வதும் பணம்தான். 1811-ன் இங்கிலாந்தும் அன்றைய சென்னையும் இந்த இடத்தில் அச்சு அசலாகப் பொருந்திவிட்டன.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஸ்ரீகாந்த் பாரதி ரசிகனாக நடித்த போலி இல்லை. அவனுக்கு பாரதி தெரியும், பிடிக்கவும் செய்யும். ஆனால் அச்சமில்லை என்று பாடியவரின் வரிகளை மனப்பாடமாகச் சொன்னவன், அச்சம் வந்த முதல் நாளே காதலியை விட்டுவிடுகிறான். கவிதை தெரிந்திருப்பது ஒன்று. அதன்படி நடப்பது வேறொன்று.

மீனாட்சி மட்டும் முழு பாரதியைப் படித்தாளா?

இது கொஞ்சம் சங்கடமான கேள்வி. கண்ணம்மாவைப் பாடிய அதே பாரதிதான் பெண் நிமிர்ந்து நடக்க வேண்டும், படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்றும் எழுதினார். முதல் பாதியில் மீனாட்சி வாழ்வது காதல் பாரதிக்குள் மட்டும். மீதி பாரதி அலமாரியிலேயே இருக்கிறார்.

தாத்தாவின் உயில் அந்த அலமாரியைத் திறக்கிறது. வீடும் சொத்தும் மாமாவுக்குப் போக, அம்மாவும் மகள்களும் கிராமத்து மாளிகையை விட்டுச் சென்னைக்கு வருகிறார்கள். கவிதையே பேசாத அக்கா சௌம்யா (தபு), 'ராசி இல்லாதவள்' என்று ஊர் ஒதுக்கிய பெண், டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து பிறகு சாஃப்ட்வேர் வேலைக்கு உயர்ந்து குடும்பத்தைத் தாங்குகிறாள். பாரதி கனவு கண்ட புதுமைப் பெண் அந்த வீட்டிலேயே இருந்தாள். மேற்கோள் எதுவும் சொல்லாததால் யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

மீனாட்சியும் பாலாவின் உதவியோடு பின்னணிப் பாடகி ஆகிறாள். முதல் பாடலைப் பதிவு செய்யும் நாளில் ஸ்ரீகாந்தை அவனுக்கு நிச்சயமான பெண்ணோடு பார்க்கிறாள். நிலைகுலைந்து கொட்டும் மழையில் நடந்து, திறந்து கிடந்த பாதாளச் சாக்கடைக் குழிக்குள் விழுகிறாள்.

மழையைக் கவிதையாக மட்டுமே பார்த்த பெண்ணைச் சென்னை மழை வரவேற்ற விதம் இது. தூக்கிவிடுவது பாலா.

படம் அவளுடைய பாரதியைப் பறிக்கவில்லை. பாடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு ஒரு தொழிலைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 'கனவு காணாதே' என்று இந்தக் கதைகள் புத்தி சொல்வதாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இதில் மயிலாப்பூர் எங்கே வருகிறது?

எழுத்தாளருக்குக் கோயிலே கட்டிய ஊர் மயிலாப்பூர். முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் திருவள்ளுவர் கோயில் இருக்கிறது. வள்ளுவர் இங்கே பிறந்தார் என்பது ஐதிகம். வாசுகிக்கும் அங்கே சன்னிதி உண்டு. ரசிகர்களின் அன்பு இதைவிட எங்கே போக முடியும்?

அதே மயிலாப்பூரின் ராமகிருஷ்ண மடம் சாலையில் 1901-ல் தொடங்கிய அல்லயன்ஸ் பதிப்பகம் இன்றும் இருக்கிறது. லஸ் முனையில் ரானடே நூலகம். இங்கிருந்து கடற்கரைக்குப் போனால், 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகளில் பாரதி நிற்கிறார். அப்படியே பக்கத்து ஊரான திருவல்லிக்கேணியில், பாரதி கடைசியாக வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. மீனாட்சியின் வசனங்களை எழுதிய சுஜாதா 1935-ல் பிறந்ததும் அதே திருவல்லிக்கேணியில்தான். ஆக, பாரதியின் உலகத்துக்குள் போக இங்கே ரிசார்ட் தேவையில்லை. ஒரு ஷேர் ஆட்டோ போதும்.

கதைக்குள் கூட்டமாகப் போன அனுபவமும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னை மேஜிக் லேண்டர்ன் குழு 1999-ல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் நாடகமாக்கியது. 2014-ல் மயிலாப்பூரை ஒட்டியிருக்கும் மியூசிக் அகாடமியில் அது மீண்டும் மேடையேறியது. நாடகமாக்கிய இளங்கோ குமரவேல், பிறகு 2022, 2023-ல் வந்த மணிரத்னம் படங்களின் திரைக்கதையிலும் பங்கேற்றார்.

வந்தியத்தேவனைத் தேடிப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது?

மிஸ்டர் டார்ஸிக்கு இணையாகத் தமிழ் வாசகிகள் தலைமுறை தலைமுறையாகக் காதலித்த ஒருவர் உண்டென்றால் அது வந்தியத்தேவன்தான். வீட்டுக்கு ஒரு குந்தவை, தெருவுக்கு ஒரு வானதி, அருள்மொழி என்று பெயர் வைத்ததும் இதே ரசிகர்கள்தான்.

இங்கிலாந்தின் பாத் நகரில் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆஸ்டன் விழா நடக்கிறது. ரசிகர்கள் அந்தக் காலத்து கவுன், தொப்பியோடு தெருவில் ஊர்வலம் போகிறார்கள். நம்ம ஊர் ரசிகர்கள் வேறு வழியில் போனார்கள்: வந்தியத்தேவன் குதிரையில் போன பாதையில், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு. வீராணம் ஏரி, கடம்பூர், குடந்தை, பழையாறை, தஞ்சை, கோடிக்கரை. சிலர் இலங்கை வரைக்கும். 2022-ல் படம் வந்தபோது தமிழ்நாடு சுற்றுலாத் துறையே இந்தப் பாதைக்குப் பேக்கேஜ் அறிவித்தது.

போனவர்களுக்குக் கிடைத்தது கல்கி எழுதிய சோழ நாடு மட்டும் இல்லை. காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடி கோயிலில் ஒரு கல்வெட்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் குடும்பத்துச் சொத்துகளைப் பற்றிப் பேசுகிறது அது. நாவல் புதிராகவே விட்ட கொலைக்கு வரலாறு விட்டுச்சென்ற தடயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வந்தியத்தேவரின் மனைவி என்றே குறிப்பிடுகிறது. நந்தினியும் பூங்குழலியும் மட்டும் எந்தக் கல்லிலும் இல்லை, அவர்கள் கல்கியின் கற்பனை.

கதைக்குள் போகக் கிளம்பியவர்கள் கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். எது கதை, எது சரித்திரம் என்று அவர்களுக்கு இப்போது பிரிக்கத் தெரியும். அதனால் வந்தியத்தேவன் மேல் இருந்த பிரியம் குறைந்துவிடவும் இல்லை.

அப்போ, கதைக்குள் ஓடுவது நல்லதா, கெட்டதா?

இந்தக் கதைகளையும் இந்தப் பயணங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கிறது.

1. ஓடுவதில் தப்பில்லை. ஜேனும் மீனாட்சியும் முட்டாள்கள் இல்லை. தங்களை மதிக்கும் ஒருவர் வேண்டும் என்ற நியாயமான ஆசை இருவருக்கும் இருக்கிறது. அப்படி ஒருவரை அவர்கள் முதலில் சந்தித்தது புத்தகத்தில்.

2. ஒரே ரசனை, ஒரே மனசு ஆகிவிடாது. ஒரே எழுத்தாளரைப் பிடிப்பது பேச்சை ஆரம்பிக்க உதவும். வாழ்க்கையைத் தாங்குமா என்பது கஷ்டம் வரும் நாளில்தான் தெரியும். மேட்ரிமோனி பயோவில் 'சுஜாதா ரசிகர்' என்று பார்த்ததும் மனசு துள்ளுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

3. பாதி மட்டும் படித்தால்தான் ஆபத்து. ஆஸ்டனில் காதலை மட்டும், பாரதியில் கண்ணம்மாவை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் அடிபடுகிறார்கள். பணம் பற்றி ஆஸ்டனும், துணிச்சல் பற்றி பாரதியும் சொன்னதையும் சேர்த்துப் படித்திருந்தால், ஏமாற்றத்துக்கு எதிரான எச்சரிக்கை அங்கேயே இருந்திருக்கும்.

ஆஸ்டன் பிறந்தது 1775 டிசம்பர் 16. பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11. ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு பிறந்தநாள். இருவரின் ரசிகைகளுக்கும் ஊர் சொல்லும் அறிவுரை ஒன்றேதான்: 'புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நிஜத்துக்கு வா.'

ஆனால் இந்தப் படங்களில் ஜெயிக்கும் ஆண்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பாலா மீனாட்சிக்கு ஒரு கவிதையும் ஒப்பிக்கவில்லை. அவள் பாட ஒரு வழி செய்து கொடுத்தார். புத்தகம் படிக்கும் பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடுகள், மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி அதில்தான் இருக்கிறது.